கடன் இல்லாதவன் பெண்டாட்டி

எங்கள் லைன் வீட்டில் மொத்தம் ஆறு போர்ஷன். ஒரகடம் தொழிற்பேட்டைக்கு எங்கள் நிலம் போனபோது கிடைத்த பணத்தில் என் வீட்டுக்காரர் கட்டியது. அவர் போய்விட்டார், வாடகை மட்டும் வந்துகொண்டிருக்கிறது. குடிவருகிறவர்கள் வீடே இல்லாதவர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் எங்கேயோ தெற்கே வீட்டை விட்டுவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். இரண்டு பஸ் மாறினால் போய்ச் சேர்ந்துவிடுகிற சுங்குவார்சத்திரத்தில் சொந்த வீட்டைக் கட்டி வைத்துவிட்டு, என்னிடம் வந்து பதினோரு வருடம் வாடகைக்கு இருந்தவன் பழனிவேல் ஒருவன்தான். எனக்கு இதில் லாபம்தான். இருந்தாலும் அவன் பைக்கை ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம், அவன் பெண்டாட்டி சாரதா.

சாரதாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்தவள். பன்னிரண்டாவது படித்தவள். ஒல்லி, படபடவென்று பேசுவாள், கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாது. குழாயடியில் நாலு பெண்கள் சண்டை போட்டால் நடுவில் புகுந்து நாலு பேரையும் சிரிக்கவைத்து அனுப்புவாள். என் ஆறு போர்ஷனில் மற்ற ஐந்து பேரும் குடிவந்த அன்றைக்கே சுவர் முழுக்க ஆணி அடித்துவிடுவார்கள், நான் கத்துவேன். மூன்றாவது போர்ஷனில் மட்டும் ஒரு ஆணி கிடையாது. காலண்டர்கூட அலமாரிமேல் சாய்ந்துதான் நிற்கும்.

"நம்ம வூட்டுக்குப் போய் அடிச்சிக்கலாம் அக்கா," என்பாள்.

கல்யாணத்துக்கு அவள் அண்ணன் கொடுத்த கிரைண்டர் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் இருந்தது. அதுவும் அந்த வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டுமாம். அதுவரைக்கும் மாவு அரைக்க என் வீட்டுக்கு வருவாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அந்த வீட்டில் போய் வாழ வேண்டும். நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை.

பழனிவேலுக்கு ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. காண்ட்ராக்ட் ஆள் இல்லை, கன்ஃபர்ம் ஆனவன். கன்ஃபர்ம் ஆனவனுக்கு பேங்க்காரன் கூப்பிட்டுக் கடன் கொடுப்பான். அப்படித்தான் இருபது வருடக் கடனில் அந்த வீடு எழும்பியது. ஹால், இரண்டு ரூம், சமையற்கட்டு, பின்னால் போர்வெல். பால் காய்ச்சினார்கள், மூன்று ராத்திரி படுத்தார்கள். நாலாம் நாள் சாவி லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிற ஏஜெண்ட் கைக்குப் போனது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிற பெண்களை ரூமுக்கு ஆறு பேராக அடைத்து வைக்கிறவன் அவன். நல்ல வாடகை. அந்த வாடகையையும் சேர்த்துக் கட்டினால் இருபது வருடக் கடன் பத்து வருடத்தில் முடிந்துவிடும், அப்புறம் போய் நிம்மதியாக இருக்கலாம் என்று பழனிவேல் கணக்குச் சொன்னான்.

கடன் என்றால் அவனுக்கு உடம்பே ஆடும். அவன் அப்பா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டாராம். வாங்கியவன் ஓடிப்போக, கடன் கொடுத்தவன் வந்து இவர்கள் வீட்டு வாசல் கதவையே கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். அம்மாவின் பழைய புடவையைக் கதவுக்குப் பதில் தொங்கவிட்டு, அந்த வீட்டில் இரண்டு வருடம் படுத்து எழுந்தவன். கேட்டால் பாவமாகத்தான் இருக்கும். இப்படிப் பாவம் பார்த்துப் பார்த்தே நாமெல்லாம் நாசமாய்ப் போகிறோம்.

அந்த வருடமே சாரதாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். பொண்ணு கவிப்பிரியா ஆறாவதுக்கு வந்துவிட்டாள், ஸ்கூல் விட்டு வந்தால் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். சாரதா என் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தூக்கி வாரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழனிவேல் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டான்.

"நம்ம வூட்டு பொம்பள கம்பெனி பஸ்ஸு ஏற வேணாம். ஒரே சம்பளத்துல முடிச்சிக் காட்றேன், பாரு."

அதோடு முடிந்தது. அவள் தலையை மறுபடி சாதாரணமாகப் பின்னிக்கொண்டு மாவு அரைக்க உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் அந்தக் குடும்பம் சாப்பிட்டது, உடுத்தியது எல்லாமே அந்தக் கடனுக்குப் போக மிச்சம்தான். ஓ.டி. என்றால் பழனிவேல் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பான். ஓ.டி. காசு, போனஸ், எது வந்தாலும் நேரே பேங்க்குக்குப் போய் அசலில் கட்டுவான். அசலில் கட்டினால் வருடம் குறையும் என்று எனக்கே வகுப்பெடுப்பான். கம்பெனியில் கொடுத்த தீபாவளி ஸ்வீட் பாக்ஸை டீக்கடையில் விற்றுவிட்டு வந்த மகானுபாவன் அவன். கவிப்பிரியா ஸ்கூல் டூருக்குப் போகவில்லை. சாரதா பல்வலிக்கு இரண்டு வருடம் கிராம்புத் தைலம் தடவியே ஓட்டினாள். கேட்டால் சிரிப்பாள். "இன்னும் கொஞ்ச நாளுதான் அக்கா."

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவளுக்கு ஒரு சலுகை உண்டு. இரண்டு பஸ் மாறிப் போய், அந்த வீட்டு நிலைவாசலைத் துடைத்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டு வருவாள். உள்ளே போக மாட்டாள். உள்ளே நைட் ஷிப்ட் முடித்து வந்த பெண்கள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் புதிதாக வந்த ஒருத்தி இவளைக் கூட்டிப் பெருக்க வந்தவள் என்று நினைத்து, "ஆயாம்மா, அப்படியே பாத்ரூமும் கழுவிடுங்க," என்றிருக்கிறாள்.

"நீ இன்னாடி சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. கழுவிட்டுதான் வந்தேன். என் வூட்டு பாத்ரூம்தானே அக்கா."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொரோனா வந்தது. ஹாஸ்டல் பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், ஏஜெண்ட் சாவியைக் கொடுத்துவிட்டான். வீடு காலியாகக் கிடந்தது. சாரதாவுக்குப் பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. ஊரடங்கு தளர்ந்ததும் தினமும் போய்க் கழுவினாள், ஒட்டடை அடித்தாள், பெண்கள் சுவரில் எழுதி வைத்திருந்த போன் நம்பரையெல்லாம் சுண்ணாம்பு அடித்து மறைத்தாள். ஏஜெண்டும் இல்லை, வாடகையும் இல்லை, இனிமேல் எதற்கு இங்கே இருக்க வேண்டும் என்று பழனிவேலிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றான். அந்தப் பார்க்கலாமை நம்பி கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றி அங்கே கொண்டுபோய் வைத்தாள்.

பத்து நாளில் பழனிவேல் வீட்டைப் போக்கியத்துக்கு விட்டுவிட்டான். கிரைண்டர் திரும்பி வந்தது.

எங்கள் பக்கத்தில் போக்கியம் சாதாரணம். குடிவருகிறவன் மொத்தமாக ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிடுவான், அப்புறம் மாத வாடகை கிடையாது. அவன் காலிசெய்கிற அன்றைக்கு அந்தத் தொகையைப் பைசா குறையாமல் திருப்ப வேண்டும். புத்தியுள்ளவன் அதை டெபாசிட்டில் போட்டு வைப்பான். பழனிவேல் ஏழு லட்சத்தையும் அப்படியே கொண்டுபோய்க் கடனில் கட்டிவிட்டு வந்தான். பேங்க் மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தாராம். அதை மூன்று தடவை என்னிடம் சொன்னான்.

"அந்த ஏழு லட்சத்த திருப்பிக் குடுக்கணுமே பழனிவேலு, அது கடன் இல்லியா?" என்றேன்.

"அது எப்டி ஓனரம்மா கடனாவும்? வட்டி கீதா? தவண கீதா? யார்னா வந்து வாசல்ல நிக்கப் போறானா? அது போக்கியம்."

இவ்வளவு படித்து, இவ்வளவு கணக்குப் பார்த்து, இந்த இடத்தில் போய் விழுந்தான். வட்டி கேட்காதது எதுவும் அவனுக்குக் கடனாகத் தெரியவில்லை.

போக்கியத்துக்கு வந்தவள் பேச்சி. தூத்துக்குடிப் பக்கம். புருஷன் பெயர் மகாராஜா. இரண்டு பேருக்கும் சம்பளம். பேச்சி அதே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், அன்றைக்கு சாரதாவைக் கூப்பிட்ட அதே வேலையில் சேர்ந்து, லைன் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். சாரதாவுக்கும் அவளுக்கும் வயதுகூட ஒன்றுதான். நல்லவள், குறை சொல்ல முடியாது. முதல் வெள்ளிக்கிழமை சாரதா வாசலில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறாள்.

"ஏக்கா, உள்ள வாங்க. ஒங்க வீட்டுக்கு நீங்களே வெளிய நிக்கியளே, நல்லாவா இருக்கு?"

காபி கொடுத்தாளாம். சாரதா தன் சமையற்கட்டில் இன்னொருத்தி சர்க்கரை டப்பாவைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அந்த வெள்ளிக்கிழமைக்கப்புறம் அவள் அங்கே போவது குறைந்துவிட்டது.

கடன் முடிந்தது. இருபது வருடக் கடனைப் பத்து வருடத்தில், ஒரே சம்பளத்தில் முடித்துவிட்டான். அதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். ஆறு போர்ஷனுக்கும் லட்டு. என் கையில் லட்டை வைக்கும்போது அழுதுவிட்டான். எனக்கே ஒரு நிமிஷம் மனது இளகியது.

உள்ளே போனால் சாரதா பாத்திரத்தையெல்லாம் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். பாய், தலையணை, துணிமூட்டை, சாமிபடம் எல்லாம் வாசல் பக்கம் அடுக்கியிருந்தது.

"இன்னா இது?" என்றான் பழனிவேல்.

"போலாம்ல? லோன் முடிஞ்சா போலாம்னீங்களே."

"பேச்சிக்கு ஏழு லட்சம் குடுத்தாதான அவங்க காலி பண்ணுவாங்க?"

"அதுக்கு இன்னா வெச்சிருக்கீங்க?"

"இனிமேதான் சேக்கணும். நாலு வருசம். தவண இல்ல பாரு, இப்ப சீக்கிரம் சேந்துடும்."

போக்கியப் பணம் கடனில் போனது அவளுக்குத் தெரியும். அவன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறவன், இதற்கும் எங்கேயாவது ஒரு கணக்கு வைத்திருப்பான் என்று நம்பியிருந்தாள். சாக்குமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். பேங்க்கில் மறுபடி ஏழு லட்சம் வாங்கலாமே, பத்திரம் கையில் இருக்கிறதே என்று நான் சொன்னேன். பழனிவேல் மஞ்சள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டான். செத்தாலும் இனிமேல் ஒருத்தனிடம் கடன் வாங்க மாட்டானாம்.

ஒரு வருடத்தில் கவிப்பிரியாவுக்கு மாப்பிள்ளை வந்தான், படப்பையில் நல்ல இடம். பந்தக்கால் சொந்த வீட்டு வாசலில் நட வேண்டும் என்று சாரதா கேட்டாள். பேச்சி தாராளமாக நடுங்கள் என்றாள். பழனிவேல்தான், அடுத்தவள் குடியிருக்கிற வாசலில் போய் நட்டால் மாப்பிள்ளை வீட்டார் நாலு கேள்வி கேட்பார்கள் என்று சொல்லி என் லைன் வீட்டுக் குழாயடிப் பக்கம் நட்டான். நான்தான் மஞ்சள் பூசிக் கொடுத்தேன். பொண்ணு அங்கிருந்தேதான் புருஷன் வீட்டுக்குப் போனாள். சாரதா அவளை அனுப்பிவிட்டு வந்து, அத்தனை பேர் முன்னால், "என் பொண்ண வாடக வூட்லேருந்து அனுப்பிட்டேன் அக்கா," என்று வாய்விட்டு அழுதாள்.

அது போதாதென்று இன்னொன்று வெளியே வந்தது. கல்யாணச் செலவுக்கு அவன் யாரிடமும் கடன் வாங்கவில்லை. பேச்சியிடம் போய் இன்னும் மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு, போக்கியத்தைப் பத்து லட்சமாக்கி, ஐந்து வருடத்துக்குப் புது அக்ரிமெண்ட் போட்டுக் கொடுத்திருந்தான். சாரதாவிடம் சொல்லாமல் நடந்தது பேச்சிக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு வந்தவள், நல்ல மனதோடு, "அஞ்சு வருசம் நல்லபடியா வச்சிக்கிடுதோம்க்கா, கவலப்படாதிய," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாரதா அன்றைக்குச் சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சாயந்திரம் பழனிவேல் வந்து உட்கார்ந்ததும் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அதுக்கு வட்டி இல்லன்னீங்களே. இத்தினி வருசமா அந்த வட்டிய யாரு கட்டினு கீறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "யாரு?" என்றான்.

அடுத்த வாரம் அவள் பேச்சியைப் பார்த்துப் பேசினாள். நாற்பத்திரண்டு வயதில் லைன் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பேச்சி சொல்லி, காண்ட்ராக்ட்டில் கேன்டீன் வேலை கிடைத்தது. தட்டு கழுவுவது, மேஜை துடைப்பது. காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்திலிருந்துதான் கிளம்பும். இங்கிருந்து இருட்டில் எழுந்து இரண்டு பஸ் பிடித்து ஓடினாள். பழனிவேல் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அதற்குள் மகாராஜாவுக்கு ஓசூரில் வேலை மாறிவிட்டது, மாதம் ஒருமுறை வந்து போனான். பேச்சி தனியாகத்தான் இருந்தாள். "பின்னால ரூம் சும்மாதானக்கா கெடக்கு, இங்கயே இருந்துக்கிடுங்க, ஒங்க வீடுதான," என்றாள். வாடகை வாங்கிக்கொள்வதாக இருந்தால் வருகிறேன் என்றாள் சாரதா. பேச்சி பதறிப்போய் முடியவே முடியாது என்றிருக்கிறாள். இவள் பிடிவாதம் பிடித்து மாதம் இரண்டாயிரம் என்று பேசி, முதல் மாதத்தை முன்பணமாக வைத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு போய்விட்டாள். எனக்கு இது அப்போது கிறுக்குத்தனமாகப் பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். விருந்தாளியை எப்போது வேண்டுமானாலும் போ என்று சொல்லலாம். வாடகை கொடுக்கிறவளை அப்படிச் சொல்ல முடியாது. இது எனக்குத் தெரியாததா?

மூன்று மாதம் பழனிவேல் தானே சமைத்துச் சாப்பிட்டான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் வந்து நின்றான். முகம் வற்றிப்போயிருந்தது.

"ஓனரம்மா, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

எனக்கு பைக்கில் உட்கார முட்டி ஒத்துழைக்காது. இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். பேச்சி கதவைத் திறந்து, உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, நாங்கள் பேசிக்கொள்ளட்டும் என்று கடைக்குக் கிளம்பினாள். பழனிவேல் ஹாலில் இருந்த சோபாவில் உட்காரப் போனான். உள்ளேயிருந்து சாரதா வந்தாள்.

"அங்க குந்தாதீங்க. ஹாலு பேச்சியோடது. நான் வாடக குடுக்கறது பின்னால ரூமுக்குத்தான், அங்க வாங்க. அக்கா, நீங்களும் வாங்க."

போனோம். ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஹேங்கரில் கேன்டீன் யூனிஃபார்ம். நாற்காலியை எனக்குப் போட்டாள். பழனிவேல் நின்றான். அவளுக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தது. கை மட்டும் சோப்புத் தண்ணீரில் வெந்து தோல் உரிந்திருந்தது.

"வூட்டுக்கு வா சாரதா," என்றான்.

"வூட்லதானே கீறேன்."

"நான் கட்டுன வூட்ல நீ வாடக குடுத்துகினு கீறேன்னா ஊரு சிரிக்காதா?"

"சிரிச்சிகினுதான் கீது. உங்களுக்குத்தான் காதுல வுழல."

 அவன் கணக்குக்கு வந்தான். அவனுக்கு அது ஒன்றுதான் தெரியும். "இப்ப ரெண்டு சம்பளம் வருது. உன்னுதையும் சேத்தா மூணு வருசத்துல போக்கியத்த குடுத்துடலாம். அக்ரிமெண்ட் முடியறதுக்கு முன்னாடியே."

"என்னுத தர மாட்டேன். ஒரே சம்பளத்துல முடிக்கிறேன்னீங்க. முடிங்க."

நான் ஏதாவது சொல்வேன் என்று பழனிவேல் என் பக்கம் திரும்பினான். அவள் சொன்னதில் நான் திருத்த என்ன இருக்கிறது?  அவன் மெதுவாக அந்த ரூமைச் சுற்றிப் பார்த்தான். சுவரைக் கையால் தடவினான். அந்த வீட்டில் அவனும் மூன்றே ராத்திரிதான் படுத்திருக்கிறான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப நானும் இங்கயே வந்துர்றேன் சாரதா," என்றான்.  "வாடகயில பாதி நான் குடுத்துர்றேன்."

சாரதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. பாவம் பார்த்துத்தான் சொன்னாள்.

"அதுக்கு வழியில்லங்க. பேச்சி வூட்டுக்காரரு ஊர்ல இல்ல. முன்னாடி ரூம்லயும் இப்ப ரெண்டு பொண்ணுங்கள வெச்சிருக்கா. ஆம்பளைங்கள சேக்கறதில்ல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். யார் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்கிறவன் மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

பஸ் வர நேரமிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தான். டம்ளரை வைத்துவிட்டுச் சட்டைப் பையில் கைவிட்டுச் சில்லறையைத் தேடியெடுத்து என் கையில் திணித்தான்.

"இன்னாத்துக்குப்பா இது?"

"டீக்காசு ஓனரம்மா. யாருக்கும் பாக்கி வெக்கக் கூடாது."

அந்தக் கையிலேயே ஒன்று போடலாம் போலிருந்தது எனக்கு. போடவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.